எல்லைக்கல் நடுவயலில் நிற்கிறது: புதிய பார்ட்டட்டில் சர்வர் டிஸ்க்கை நீட்டுவது எப்படி

பாளை மார்க்கெட்டில் வாழைக்காய் சீப்புக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கல்லிடைக்குறிச்சி அரிசி ஆலையில் பில் போடும் தம்பி.

"அக்கா, எடைச்சீட்டு ஏற மாட்டேங்கு. ஸ்பேஸ் இல்லங்கு. வெளிய மூணு லாரி நிக்கி."

பிசான அறுவடை தொடங்கிய வாரம். கன்னடியன் கால்வாய்ப் பாசன நெல்லெல்லாம் ஆலை வாசலுக்கு வந்துகொண்டிருக்கிற நேரம். லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை, இரண்டுக்கும் போட்டோ. அந்தப் போட்டோக்கள்தான் டிஸ்க்கைத் தின்று தீர்த்திருக்கின்றன. சாதாரணமாக வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் உள்ளே நுழைந்து பார்த்துவிடுவேன். அன்றைக்கு ரோட்டு வேலையில் கேபிள் அறுந்து ஆலைக்கு நெட் கிடையாது. அதனால் முழு வேலையையும் போனிலேயே சொல்லிச் சொல்லி முடித்தோம். அவன் நான் சொன்னதையெல்லாம் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழிலேயே எழுதிக்கொண்டான். சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினான். அதைக் கொஞ்சம் விரித்து எழுதியதுதான் இது. கட்டளைகளும் அவன் எழுதியபடியே தமிழில் இருக்கின்றன. அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால், நிர்வாகி உரிமை தரும் 'சூடோ' வேண்டும், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவில்லை.

முதலில் ஏன் இப்போது இதை எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆலை சர்வரில் ப்ராக்ஸ்மாக்ஸ் இருக்கிறது, ஒரே கம்ப்யூட்டருக்குள் பல மெய்நிகர் சர்வர்களை ஓடவிடுகிற மென்பொருள். அதற்குள் உபுண்டு என்கிற லினக்ஸ் ஓடும் ஒரு மெய்நிகர் சர்வர். தை மாதம் அந்த உபுண்டுவை 22.04இலிருந்து 24.04க்கு ஏற்றினேன். அப்படி ஏற்றும்போது, டிஸ்க்கைப் பார்டிஷன் என்கிற பகுதிகளாகப் பிரிக்கிற க்னூ பார்ட்டட் என்கிற மென்பொருளும் 3.4இலிருந்து 3.6க்குத் தாவிவிடுகிறது. நடுவில் இரண்டு வெளியீடு: 3.5 வந்தது 2022 ஏப்ரலில், 3.6 வந்தது 2023 ஏப்ரலில். புதிதாக நாலைந்து சமாச்சாரம் சேர்ந்திருக்கிறது. நம்மைப் போலச் சின்ன சர்வர் பார்க்கிறவர்களுக்கு உதவுவது மூன்று. அதிலும் ஒன்றுதான் சோறு போடுகிறது.

உங்களிடம் எது இருக்கிறது என்று பார்க்க: பார்ட்டட், இடைவெளி, இரண்டு கோடு, வெர்ஷன். உபுண்டு 24.04 என்றால் 3.6. டெபியன் 12, ரெட்ஹேட் 9 என்றால் 3.5. உபுண்டு 22.04இல் இன்னும் 3.4தான், கீழே சொல்கிற புதிய வசதிகள் அதில் கிடையாது. அதற்கும் வழி உண்டு, போகப்போகச் சொல்கிறேன்.

எல்லைக்கல்

ஜிபிடி என்கிற முறையில் பிரித்த டிஸ்க்கில், எந்தப் பார்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் அட்டவணை இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று டிஸ்க்கின் தலைப்பில். அதன் நகல் வாலில், கடைசி 33 செக்டரில். நம் ஊர் வயலுக்கு நான்கு மூலையிலும் கல் நட்டிருப்பார்களே, அது மாதிரி 'இத்தோடு என் நிலம் முடிந்தது' என்று சொல்கிற கல் அந்த வால் நகல்.

இப்போது பக்கத்து வயலையும் வாங்கிச் சேர்த்துவிட்டீர்கள் என்று வையுங்கள். நிலம் இரண்டு மடங்கு. ஆனால் பழைய எல்லைக்கல் நடுவயலில் நிற்கிறது. வரப்பைத் தள்ளிப் போடப் போனால், கல்லுக்கு அந்தப் பக்கம் நம்முடையது இல்லையே என்று சர்வேயர் கையை விரிப்பார். மெய்நிகர் டிஸ்க்கை 200 ஜிபியிலிருந்து 400 ஆக்கினாலும், பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டும் ரெய்டில் டிஸ்க் சேர்த்து நீட்டினாலும் நடப்பது இதுதான். டிஸ்க் பெரிதாகிவிட்டது, அட்டவணைக்கு மட்டும் தெரியாது.

பழைய பார்ட்டட்டும் இதைக் கண்டுபிடிக்கும். டிஸ்க்கில் உள்ள மொத்த இடமும் பயன்படவில்லை, சரிசெய்யவா, அப்படியே விடவா என்று கேட்கும். 'ஃபிக்ஸ்' அல்லது 'இக்னோர்' என்று கையால் அடிக்க வேண்டும். ஒரு சர்வர் என்றால் சரி. ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிடுகிறவர்களுக்கு அதுதான் தலைவலி. ஸ்கிரிப்ட் முறையில் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது, வேலை பாதியில் நின்றுவிடும். 3.5இல் இதற்காகவே 'ஃபிக்ஸ்' என்று ஒரு சாவி வந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் முறையில் அதைச் சேர்த்துக் கொடுத்தால், இந்தக் கேள்வி வரும்போது தானே ஃபிக்ஸ் என்று பதில் சொல்லிக்கொள்ளும். கல் புது எல்லைக்கு நகர்ந்துவிடும்.

தொடங்கும் முன்

முதல் காரியம், உண்மையிலேயே டிஸ்க்கை நீட்டத்தான் வேண்டுமா என்று பாருங்கள். எல்விஎம் என்பது பார்டிஷன் இடத்தை விஜி என்கிற பொதுக் கிடங்கில் சேர்த்து, அதிலிருந்து எல்வி என்கிற துண்டுகளாக எடுத்துக் கொடுக்கிற முறை. உபுண்டு சர்வர் நிறுவும்போது அதை அப்படியே ஒத்துக்கொண்டால், டிஸ்க் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சிஸ்டம் உட்காரும் ரூட்டுக்கு 100 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. மீதி சும்மா கிடக்கும். 'விஜிஎஸ்' என்று அடித்தால் கடைசிக் கட்டத்தில் மீதி தெரியும். ஒரு தடவை சேரன்மகாதேவியில் ஒரு கடையில் புது டிஸ்க் வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பழைய டிஸ்க்கிலேயே 350 ஜிபிக்கு மேல் தூங்குகிறது. காபி குடித்து முடிப்பதற்குள் சோலி முடிந்தது. ஆலை சர்வரில் அந்த மிச்சத்தைப் போன வருஷமே எடுத்துக் கொடுத்துவிட்டேன், அதனால் விஜிஎஸ் பூஜ்யம் காட்டியது.

இரண்டாவது, மூச்சுவிட இடம். டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பியிருக்கும்போது எந்தக் கருவியும் ஒழுங்காக வேலை செய்யாது. 'ஆப்ட் க்ளீன்' ஒன்று. அப்புறம் 'ஜர்னல்சிடிஎல்', இரண்டு கோடு, 'வேக்யூம்' கோடு 'சைஸ்', சமக்குறி, 200, பெரிய எம். இது பழைய லாக்குகளைக் கழித்து 200 எம்பிக்குள் கொண்டுவந்துவிடும். ஆலையில் இந்த இரண்டிலேயே மூன்று ஜிபி கிடைத்தது. நின்ற லாரிகளுக்கு அந்த நிமிஷமே சீட்டு போட்டு அனுப்பிவிட்டு, நிதானமாக மற்றதைத் தொடங்கினோம். அவசரத்தில் டிஸ்க்கில் கை வைக்கக் கூடாது என்பதற்காகவே இந்தப் படியை முதலில் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது பேக்கப். இதில் நான் கறார். ப்ராக்ஸ்மாக்ஸில் அந்த மெய்நிகர் சர்வரைத் தேர்ந்து, பேக்கப் பக்கத்தில் 'பேக்கப் நவ்'. போய்ச்சேரும் இடம் யுஎஸ்பி டிஸ்க்காக இருக்க வேண்டும், அதே சர்வரின் இன்னொரு ஃபோல்டராக இருக்கக் கூடாது. ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பதிவு, எடுத்துவிட்டேனே என்று சொல்லாதீர்கள். ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கடையில் சர்வர் மேசைக்கு அடியில், பேக்கப் டிஸ்க் அதே மேசையின் கீழ் டிராயரில். தண்ணீர் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் போனது. பத்து நாள் கழித்து அந்த டிராயரைத் திறந்தபோது டிஸ்க் மேல் ஒரு விரல் கனத்துக்கு வண்டல். பேக்கப் டிஸ்க்கை வேறு கட்டடத்தில் வையுங்கள் என்று அன்றைக்கு முன்னால் நான் வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வேறு இடத்துக்குப் போனால்தான் பில் கொடுக்கிறேன்.

ஆலையில் பேக்கப் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நான் வீட்டுக்கு வந்து அவியலுக்கு நறுக்கிவிட்டேன்.

அப்புறம் ஒரு குறிப்பு. பார்டிஷன் அட்டவணையையும் தனியாக எழுதி வையுங்கள். 'எஸ்எஃப்டிஸ்க்', இரண்டு கோடு, 'டம்ப்', ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிஏ. எஸ்டிஏ என்பது அந்த டிஸ்க்குக்கு லினக்ஸ் வைத்த பெயர். வருகிற பத்து வரியை ஒரு கோப்பில் போட்டு, யுஎஸ்பியில் சேமித்துக்கொள்ளலாம். அட்டவணை கெட்டுப்போனால் அதே கோப்பை எஸ்எஃப்டிஸ்க்குக்கே திருப்பி ஊட்டலாம்.

டிஸ்க்கைப் பெரிதாக்குவது

ப்ராக்ஸ்மாக்ஸில் ஹார்ட்வேர், அதில் ஹார்ட் டிஸ்க், மேலே டிஸ்க் ஆக்ஷன், ரீசைஸ். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்தப் பெட்டி கேட்பது மொத்த அளவை இல்லை, எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை. 200ஐ 400 ஆக்க வேண்டுமென்றால் 200 என்று அடிக்க வேண்டும். 400 என்று அடித்தால் 600 ஆகிவிடும், அங்கிருந்து குறைக்க வழி கிடையாது. தம்பியிடம் மூன்று தடவை சொன்னேன். "இருநூறுதானே அக்கா, இருநூறேதான் அடிச்சிருக்கேன்" என்று கடைசியில் சலித்துக்கொண்டான்.

பெரும்பாலும் உள்ளே ஓடும் லினக்ஸ் உடனே கண்டுகொள்ளும். 'எல்எஸ்பிஎல்கே' என்று அடித்து எஸ்டிஏ 400ஜி என்று காட்டுகிறதா பாருங்கள். காட்டவில்லையென்றால் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ரீபூட் போடுங்கள்.

எல்எஸ்பிஎல்கே வெளியீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆலையில் தெரிந்தது இது: எஸ்டிஏ 400ஜி, அதன் கீழ் எஸ்டிஏ1 ஒரு எம்பி, எஸ்டிஏ2 இரண்டு ஜிபி பூட், எஸ்டிஏ3 198ஜி, அதற்குள் உபுண்டு விஜி. நீட்ட வேண்டியது மூன்றாவது. அதுதான் கடைசி, அதற்குப் பிறகு வெறும் இடம். இந்த அமைப்பு இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

இனிக் கல்லை நகர்த்துவோம். முதல் முறை செய்கிறவர்கள் தானியங்கிச் சாவியைத் தொடாமல் கையால் செய்து பார்ப்பது நல்லது. என்ன கேட்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். பார்ட்டட், ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிஏ, பிரிண்ட்.

"அக்கா, ஏதோ வார்னிங் வருது. ஃபிக்ஸா இக்னோரான்னு கேக்கு."

"அதுல ஒரு நம்பர் இருக்கும், எக்ஸ்ட்ரா இத்தனை பிளாக்ஸ்னு. அத வாசி."

"நாலு, ஒண்ணு, ஒம்பது, நாலு, மூணு, சைபர், நாலு, சைபர், சைபர்."

41,94,30,400. ஒரு பிளாக் என்பது 512 பைட். ஒரு ஜிபிக்கு, அதாவது கம்ப்யூட்டர் கணக்கு ஜிபிக்கு, 20,97,152 பிளாக். வகுத்தால் சரியாக 200. நாம் கூட்டிய அளவும் அது சொல்கிற அளவும் ஒத்துப்போகிறது. இந்த ஒரு வகுத்தல் கணக்கைத் தயவுசெய்து விடாதீர்கள். எண் ஒத்துப்போகவில்லையென்றால் நீங்கள் வேறு டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது வேறு சர்வரின் டெர்மினலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டும் எனக்கு நடந்திருக்கிறது.

ஒத்துப்போனால் ஃபிக்ஸ். அவ்வளவுதான்.

இதையே புதிய வசதியில் செய்வதென்றால்: பார்ட்டட், இரண்டு கோடு 'ஸ்கிரிப்ட்', இரண்டு கோடு 'ஃபிக்ஸ்', ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிஏ, பிரிண்ட். கேள்வி கேட்காது, சரிசெய்துவிட்டு அட்டவணையைக் காட்டும். நான் பார்க்கிற ஏழெட்டு இடத்துக்கும் ஒரே ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன், அதில் இந்த வரிதான். ஆனால் அந்த ஸ்கிரிப்ட்டிலும் டிஸ்க் அளவை முதலில் சரிபார்த்து, நான் எதிர்பார்த்த எண் இல்லையென்றால் நிற்கும்படி எழுதியிருக்கிறேன். எதைக் கேட்டாலும் 'சரி சரி' என்று தலையாட்டுகிற ஆளிடம் பத்திரத்தைக் கொடுக்க மாட்டோம் இல்லையா.

3.4இல் இருக்கிறவர்கள் 'எஸ்ஜிடிஸ்க்', ஒரு கோடு, சின்ன இ என்று கொடுத்தால் இதே வேலை நடக்கும். க்ளவுட் சர்வர்களில் 'க்ரோபார்ட்' இருக்கும், அது கல்லையும் நகர்த்தி வரப்பையும் தள்ளிப்போடும். எனக்கு அது பிடிக்கும். டிஸ்க் நிரம்பி வழியும்போது மட்டும் தற்காலிகக் கோப்பு வைக்க இடமில்லாமல் திணறும்.

வரப்பைத் தள்ளுவது

கல் நகர்ந்தாயிற்று. மூன்றாவது பார்டிஷனின் முடிவை வாலுக்குத் தள்ள வேண்டும். பார்ட்டட், ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிஏ, 'ரீசைஸ்பார்ட்', 3, அப்புறம் 100, ஒட்டினாற்போல் சதவீதக் குறி.

சதவீதக் குறியை விடாதீர்கள். அன்றைக்கு இதில்தான் உயிர் போய் வந்தது. மொபைல் சத்தத்தில் நான் "நூறு பெர்சன்ட்" என்று சொன்னது தம்பிக்கு "நானூறு" என்று கேட்டிருக்கிறது. 400 ஜிபி டிஸ்க்தானே, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று வெறும் 400 என்று அடித்துவிட்டான். அலகு இல்லாமல் எண் கொடுத்தால் பார்ட்டட் அதை எம்பி என்று எடுத்துக்கொள்ளும். அதாவது, மூன்றாவது பார்டிஷனை 400ஆவது எம்பியில் முடித்துவிடு என்று உத்தரவு போட்டாயிற்று.

"அக்கா, எரர் வந்துட்டு. எண்ட் வந்து ஸ்டார்ட்டுக்கு முன்னால இருக்க முடியாதுங்கு."

எனக்கு அரிவாள்மனை கையிலிருந்து நழுவியது. எங்களைக் காப்பாற்றியது அந்த இரண்டு ஜிபி பூட் பார்டிஷன். மூன்றாவது பார்டிஷன் ஆரம்பிப்பதே இரண்டு ஜிபிக்கு அப்புறம். 400 எம்பியில் முடி என்றால், தொடங்கும் முன்பே முடிப்பதாக ஆகிறது. அதனால் மறுத்துவிட்டது. இதே கட்டளையை முதல் பார்டிஷனே முழு டிஸ்க்காக இருக்கிற டேட்டா டிஸ்க்கில் அடித்திருந்தால், சுருக்கினால் டேட்டா போகலாம், சம்மதமா என்று ஒரு கேள்விதான் கேட்டிருக்கும். பழக்கதோஷத்தில் யெஸ் என்று அடித்திருப்போம்.

பார்ட்டட்டின் குணமும் இங்கே தெரிந்திருக்க வேண்டும். எஃப்டிஸ்க் என்கிற இன்னொரு பார்டிஷன் கருவி எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு, கடைசியில் டபிள்யூ அடித்தால்தான் எழுதும். ஜிபார்ட்டட் கூட அப்ளை அழுத்தும்வரை சும்மா இருக்கும். பார்ட்டட் அப்படி இல்லை, எண்டர் அடித்த அந்த நொடியே டிஸ்க்கில் எழுதிவிடும். அதனால் இப்போதெல்லாம் போனில் சொல்லும்போது எண்டர் அடிக்கும் முன் முழு வரியையும் திருப்பி வாசிக்கச் சொல்கிறேன். பஸ் டிக்கெட் புக்கிங்கில் பெயரை எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்வார்களே, அந்த மாதிரி.

ஜிபியும் ஜிஐபியும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்ட்டட்டில் 400ஜிபி என்று கொடுத்தால் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கும் கணக்கு. ப்ராக்ஸ்மாக்ஸ் 1024 ஆகப் பெருக்கும் ஜிஐபி கணக்கில் அது 372தான் வரும். 27 ஜிபி கண்காணாமல் போய்விட்டதே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். சதவீதம் கொடுத்தால் இந்த வம்பே இல்லை.

தண்ணீர் பாய்ச்சுவது

வரப்பைத் தள்ளினால் மட்டும் புது நிலத்துக்குத் தண்ணீர் ஏறிவிடாது. பலர் இங்கே நிறுத்திவிட்டு, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் 'டிஎஃப்' பார்த்து, இன்னும் நூறு சதவீதமே காட்டுகிறது என்று போன் பண்ணுகிறார்கள். ரீசைஸ்பார்ட் பார்டிஷனின் எல்லையை மட்டும்தான் மாற்றும். உள்ளே கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கு ஒன்றும் தெரியாது. எல்விஎம் இருந்தால் நடுவில் இன்னும் இரண்டு மடை திறக்க வேண்டும்.

முதல் மடை: 'பிவிரீசைஸ்', ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிஏ3. இதை அடித்துவிட்டு விஜிஎஸ் பார்த்தால் மீதி 200ஜி என்று வந்துவிடும்.

இரண்டாவது: 'எல்விஎக்ஸ்டெண்ட்', கோடு சின்ன ஆர், கோடு பெரிய எல், கூட்டல் குறி 150, பெரிய ஜி, அப்புறம் எல்வியின் பாதை. உபுண்டுவில் அது ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் உபுண்டு கோடு விஜி ஸ்லாஷ் உபுண்டு கோடு எல்வி. அந்தச் சின்ன ஆர்தான் ஃபைல் சிஸ்டத்தையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. கூட்டல் குறியை விட்டால் மொத்தமே 150 என்று அர்த்தம் ஆகிவிடும். நல்லவேளை, எல்விஎக்ஸ்டெண்ட் குறைக்க மாட்டேன் என்று மறுத்துவிடும்.

200 இருக்க 150 மட்டும் ஏன் என்று அண்ணாச்சி கேட்டார். ஆலை முதலாளி. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கில் 50 சும்மா கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "எம்மா, அந்த அம்பதையும் குடுத்துர வேண்டியதுதான?" என்றார். கொடுப்பது ஒரு நிமிஷ வேலை, எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். திருப்பி வாங்குவதுதான் பாடு. ஃபைல் சிஸ்டம் எக்ஸ்டி4 வகை என்றால் சர்வரை நிறுத்தி, ரூட்டைக் கழற்றி, வெளியிலிருந்து பூட் செய்து சுருக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் சுருக்கவே முடியாது. அது தவிர, விஜியில் கொஞ்சம் இடம் இருந்தால் அப்டேட் போடும் முன் எல்விஎம் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளலாம். விதைநெல்லைத் தனியாக எடுத்து வைக்கிற மாதிரி என்று சொன்னேன். நெல் வியாபாரி, அதற்கு மேல் கேட்கவில்லை.

இந்த நேரமெல்லாம் மரியாடிபி என்கிற டேட்டாபேஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டையும் ஓடும்போதே பெரிதாக்கலாம். டிஎஃப் நூறிலிருந்து 57க்கு இறங்கியது.

மற்ற இரண்டு புது வசதி

ஜேசான் வெளியீடு. பார்ட்டட், இரண்டு கோடு 'ஜேசான்', டிஸ்க் பெயர், பிரிண்ட். முன்பும் இயந்திரம் படிப்பதற்கென்று ஒரு வடிவம் இருந்தது, ஆனால் அதில் நாலாவது கட்டம் என்ன, ஐந்தாவது என்ன என்று விரல்விட்டு எண்ண வேண்டும். இதில் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. நான் ஒவ்வொரு சர்வரிலும் இரவில் இதை ஓடவிட்டு, நேற்றைய கோப்போடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் எனக்குச் செய்தி வரும்படி வைத்திருக்கிறேன். கேட்காமல் எவனாவது டிஸ்க்கில் கை வைத்தால் காலையில் தெரிந்துவிடும். இது பார்ப்பதற்கு மட்டும். திருப்பி வைக்க எஸ்எஃப்டிஸ்க் டம்ப்தான்.

'டைப்' கட்டளை 3.6இல் வந்தது. பார்டிஷனின் வகை அடையாளத்தை நேரடியாக எழுதலாம். முன்பு பார்ட்டட் தனக்குள் ஒரு கொடி (ஃப்ளாக்) பெயர் வைத்திருந்த வகைகளை மட்டும்தான் மாற்ற முடியும். இது எப்போது உதவும் என்றால், பல வருஷத்துக்கு முன் பிரித்த லினக்ஸ் டிஸ்க்குகளில் வகை 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டேட்டா' என்று இருக்கும். லினக்ஸ் கண்டுகொள்ளாது. ஆனால் அந்த டிஸ்க்கை யாராவது கழற்றி விண்டோஸில் மாட்டினால், ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். கேட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா. லினக்ஸ் வகைக்கு மாற்றிவிட்டால் அந்த ஆபத்து குறையும். ஜிபிடியில் அந்த அடையாளம் 36 எழுத்து நீளம். அதைப் போனில் சொல்லலாம் என்று நினைக்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிக் காப்பி அடிக்கச் சொல்லுங்கள்.

வேறு மாதிரி அமைப்பு இருந்தால்

பழைய சர்வர்களில் ரூட்டுக்குப் பின்னால், ராம் போதாதபோது உதவும் ஸ்வாப் பார்டிஷன் குறுக்கே படுத்திருக்கும். அதைத் தாண்டி ரூட் நீளாது. 'ஸ்வாப்ஆஃப்' போட்டு, ஸ்வாப் பார்டிஷனை அழித்து, ரூட்டை நீட்டி, ஸ்வாப்பை ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பூட் ஆகும்போது எதையெல்லாம் மாட்ட வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய ஸ்வாப் வரியை எடுத்துவிட மறக்க வேண்டாம். அது போதாது, பூட்டின் தொடக்கத்தில் ஓடும் இனிஷியல் ராம்டிஸ்க்கின் ரெஸ்யூம் அமைப்பிலும் பழைய ஸ்வாப்பின் பெயர் உட்கார்ந்திருக்கும். மேலப்பாளையத்தில் ஒரு இடத்தில் அதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் இல்லாத டிஸ்க்குக்காக அரை நிமிஷம் காத்துக்கொண்டு நின்றது. ஆறு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

விண்டோஸ் சர்வரில் குறுக்கே படுத்திருப்பது ரெக்கவரி பார்டிஷன். சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் காலி இடம் இருந்தால்தான் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' வெளிச்சமாகும். 'ரீஏஜெண்ட்சி' கட்டளையில் ரெக்கவரியை நிறுத்தி, டிஸ்க்பார்ட்டில் அந்தப் பார்டிஷனை அழித்து, சியை நீட்டி, கடைசியில் ஒரு ஜிபி விட்டு அங்கே ரெக்கவரியைத் திரும்ப உருவாக்கி ஓடவிட வேண்டும். ஒரு ஜிபி ஏன் என்றால், 2024 ஜனவரியில் வந்த ரெக்கவரி அப்டேட் அந்தப் பார்டிஷனில் 250 எம்பி காலியாக இல்லாத கம்ப்யூட்டர்களில் எல்லாம் ஏறாமல் பிழை காட்டிக்கொண்டே இருந்தது. கஞ்சத்தனம் பண்ணி மறுபடி அதே பாட்டைப் பட வேண்டாம்.

வேலை முடிந்த கையோடு பேக்கப்பை அழித்து யுஎஸ்பியைக் காலி செய்யாதீர்கள். ஒரு ரீபூட் பார்க்க வேண்டும், ஒரு மாதக் கணக்கு முடிய வேண்டும். ஆலையின் யுஎஸ்பி இப்போது அண்ணாச்சி வீட்டு பீரோவில், வயல் பட்டாக்களுக்கு மேல் இருக்கிறது. அதற்கு ஒரு மஞ்சள் பை தைத்துக் கொடுத்திருக்கிறார்கள் அவர் வீட்டு ஆச்சி.